காரின் ஏசி பில்டரும் உம்மாவின் முட்டும்



வெள்ளாமை வெட்டு தொடங்கிவிட்டது. வட்டைப் பக்கம் போய் வருகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் கழுவி நிறுத்திய கார், லுஹருக்குள் மாவு தடவியது போல் நிற்கிறது. றோட்டோரம் முழுக்க நெல் காய்கிறது. மில்லுகள் இரவு பகலாக ஓடுகின்றன. வெட்டி முடித்த வயலில் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்கள். போதாததற்குக் கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை.

இந்த நாட்களில் கார் வைத்திருக்கிற எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, தூசு வெளியே நாம் உள்ளே என்று நிம்மதியாகப் போகிறோம். அந்த ஏசிக் காற்று எதற்குள்ளால் வருகிறது என்று திறந்து பார்த்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று தெரியாது. எங்கள் ஆசிரியர் அறையில் கேட்டுப் பார்த்தோம். கார் வைத்திருக்கும் ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் பார்த்திருக்கிறார்கள். "அத எழுதுங்களன் சேர், நாங்களும் பாத்துச் செய்யலாம்தானே" என்று அங்கேயே கேட்டுவிட்டார்கள். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த விஷயம் உம்மாவால் வந்தது. உம்மாவுக்கு முட்டு வருத்தம் இருபது வருஷத்துக்கு மேல். வெட்டுக் காலம் வந்தால் நீலப் பம்பு முந்தானையில் முடிச்சாகவே இருக்கும். மாதா மாதம் கல்முனைக்குக் கிளினிக் போக வேண்டும். த்ரீவீலில் போனால் தூசு நேரே முகத்தில் அடிக்கிறது என்றுதான் 2023 இல் கடன் எடுத்து ஒரு பழைய ஆக்சியோவை வாங்கினோம். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி திறபடாத காலம் அது. பழைய வாகனத்துக்குப் புதிய வாகனத்தின் விலை. ஆசிரியர் சம்பளத்தில் அது என்ன பாடு என்று இதை வாசிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும்.

வாங்கி மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் கிளினிக்குக்கு வெளிக்கிடும்போது உம்மா வாசலில் நின்றுகொண்டு சொன்னா:

"மகன், கோவிக்காதீங்க. இந்தக் கார்ல ஏறினா எனக்கு இழுக்குது. நான் த்ரீவீல்லயே வாரன்."

உம்மா சும்மா சொல்கிற ஆள் இல்லை. கவனித்துப் பார்த்தால் அவ சொன்னது சரி. காரில் போய் வந்த இரவுகளில் தலையணையை உயர்த்தி வைத்து, சாய்ந்தபடியே தூங்குகிறா. ஒரு தடவை மஃரிபுக்குப் பிறகு நெபுலைஸ் பண்ண ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தது. அந்த ஓட்டத்துக்கும் அதே கார்தான், அதே ஏசிதான். பின் சீட்டில் உம்மா "கண்ணாடியத் திறங்க மகள், கண்ணாடியத் திறங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தா. யாருக்காகக் கடன்பட்டு வாங்கினோமோ அவவுக்கே அந்தக் கார் ஆகவில்லை.

ஒரு கராஜில் காட்டினோம். பெயர் இங்கே தேவையில்லை. பொனட்டைத் திறந்தார், மூடினார். "கேஸ் குறைஞ்சிருக்கு சேர். டேஷ்போர்டை இறக்கிக் கூலிங் கொயிலும் கழுவணும். ரெண்டு நாள் விடுங்க" என்றார். சொன்ன தொகை எங்கள் இருவரில் ஒருவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட. அவர் சொன்னதை உடனே நம்பவும் இல்லை, பொய் என்று சொல்லவும் இல்லை. "பாத்துட்டு வாறம் பாஸ்" என்று வந்துவிட்டோம்.

வீட்டில் இருந்து யோசித்தபோது அவர் சொன்னது பொருந்தவில்லை. ஏசியில் இரண்டு தனித்தனி விஷயம் இருக்கிறது. ஒன்று குளிர், மற்றது காற்று. கேஸ் குறைந்தால் குளிர் குறையும், ஆனால் காற்று பலமாகவே வரும். எங்கள் காரில் கையை வைத்துப் பார்த்தால் வருகிற கொஞ்சக் காற்று நல்ல குளிர். பிரச்சினை, காற்றே வரவில்லை. விசிறியைக் கடைசி எண்ணில் வைத்தால் உஸ்ஸென்று சத்தம் மட்டும் கூடுகிறது, முகத்துக்குக் காற்று கூடவில்லை. மோட்டார் சுற்றுகிறது, காற்றுக்கு வழி இல்லை. எங்கேயோ அடைத்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். கூலிங் கொயிலில் ஐஸ் பிடித்தாலும் காற்று குறையும்தான், ஆனால் அது கொஞ்ச நேரம் ஓடிய பிறகு வருகிற குறை. எங்களுடையது ஸ்டார்ட் பண்ணியதில் இருந்தே அப்படி.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முதல் ஓர் அடைப்பை மட்டும் நாங்களே பார்ப்பது என்று முடிவு எடுத்தோம்.

பார்க்க வேண்டியது கெபின் பில்டர். கடையில் ஏசி பில்டர் என்று கேட்டால் தருவார்கள். எயார் பில்டர் என்று கேட்டால் எஞ்ஜினுக்கு உரியதைத் தந்துவிடுவார்கள், அது வேறு. முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் இருக்கும் இடத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் சல்லடை ஒன்று இருக்கிறதல்லவா, வெளிக் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. இறங்கி, மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு தாள் போன்ற பில்டருக்குள்ளால் போய், விசிறிக்குப் போய், அங்கிருந்து கூலிங் கொயிலைத் தாண்டி நமது முகத்துக்கு வருகிறது. எங்கள் காரைப் போன்ற பெரும்பாலான டொயோட்டாக்களில் உள் காற்றைச் சுற்றவிட்டாலும் அதுவும் அதே பில்டருக்குள்ளால்தான் போகிறது. ஆக, காருக்குள் நாம் சுவாசிக்கிற காற்றில் ஏசி தருகிற அத்தனையும் அந்த ஒரு தாளைத் தாண்டி வந்ததுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முதல் செய்தோம். ஸ்க்ரூ ட்ரைவர் கூடத் தேவைப்படவில்லை. எஞ்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, இடது பக்கக் கதவைத் திறந்து, குளோவ் பொக்ஸில் இருந்த சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தோம். இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், முந்தைய உரிமையாளரின் ஒரு மூக்குக் கண்ணாடி, காய்ந்த பேரீச்சம்பழம் இரண்டு. குளோவ் பொக்ஸின் பக்கத்தில் ஒரு மெல்லிய கை போல ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். பெட்டி தடாரென்று விழாமல் மெதுவாகத் திறப்பது அதனால்தான். அதைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்துக் கழற்ற வேண்டும். பிறகு பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்ளங்கையால் உட்பக்கம் அமுக்கினால், தடுக்கிற முனைகள் இரண்டும் விடுபட்டு, பெட்டி முழங்காலுக்கு வந்துவிடும். பழைய கார்களில் பிளாஸ்டிக் இறுகிப்போய் இருக்கும். பலம் கூட்டினால் முனை உடையும். ஒருவர் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம் என்று ஒரே நேரத்தில் அமுக்கினால் இலகு. எங்களுக்கு இரண்டு தரம் அமுக்க வேண்டி இருந்தது.

பெட்டி விலகியதும் நேரே எதிரில் நீளமான ஒரு மூடி தெரியும். ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ கிளிப் இருக்கும், அமுக்கி இழுத்தால் வரும். அதற்குப் பின்னால்தான் பில்டர், மேசை லாச்சி போல் படுத்திருக்கும்.

இங்கே ஒரு விஷயம். அதைச் சரிக்காமல், தட்டில் கஞ்சி கொண்டு வருகிற மாதிரி மட்டமாக இழுக்க வேண்டும். குப்பை எல்லாம் மேல் பக்கத்தில்தான் இருக்கும். சரித்தால் அவ்வளவும் கீழே இருக்கும் விசிறிக்குள் கொட்டும். பிறகு விசிறி கடகடவென்று சத்தம் போடும், அதை எடுப்பது வேறு வேலை. சீட்டில் ஒரு பழைய பேப்பரை விரித்து வையுங்கள். முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். கொரோனாக் காலத்து மாஸ்க் எல்லா வீட்டிலும் ஒரு பெட்டி மிச்சம் இருக்கும்.

மாஸ்க் ஏன் என்றால், எங்கள் பில்டரில் இருந்தது தூசு மட்டும் இல்லை.

மேலே வேப்பிலைச் சருகு. அதற்குக் கீழே உமி, வைக்கோல் துண்டு, இரண்டு மூன்று நெல் மணி, தும்பியின் செட்டை. மூலையில் பஞ்சைப் பிய்த்துச் செய்த ஒரு சின்னக் கூடு. அதைச் சுற்றி எலிப் புழுக்கை. எலி அங்கே குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. பில்டரின் நிறம் தேயிலைத் தூள் போட்டு வடித்த துணி மாதிரி. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது, அதில் ஜப்பான் எழுத்துகள். கார் எங்கள் நாட்டுக்குக் கப்பலில் வந்த நாளில் இருந்து அந்தப் பில்டரை ஒருவரும் தொட்டிருக்க வாய்ப்பில்லை. ஜப்பானில் வசந்த காலத்தில் மரங்களின் மகரந்தத் தூள் பறந்து ஊருக்கே தும்மல் வருமாம், அங்கே பில்டரை விற்கும்போது அதைச் சொல்லித்தான் விற்பார்கள். அந்த நாட்டு மகரந்தத்தைப் பிடிக்கப் போட்ட தாள், நமது வட்டையின் உமியை இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

உம்மா வாசல்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "இதத்தானே நான் குடிச்சிட்டு வந்தன்" என்றா. அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

எலிப் புழுக்கை இருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். எலிக்காய்ச்சல் வயலில் இறங்குகிறவனுக்கு மட்டும் வருகிற நோய் என்று நினைக்கிறோம், எலியின் சிறுநீர் பட்ட இடம் எதுவும் கவனிக்க வேண்டிய இடம்தான். பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பில்டரை எடுத்து, அதே பையைப் புரட்டி உள்ளே போட்டுக் கட்டினோம். பில்டர் இருந்த தட்டைக் காய்ந்த துணியால் துடைத்தால் தூள் பறக்கும். கிருமிநாசினி கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஈரத் துணியாலேயே துடைத்தோம். விசிறிப் பக்கம் தண்ணீர் வடியக் கூடாது. பிறகு கை கழுவிவிட்டு, கதவு நாலையும் திறந்து அரை மணித்தியாலம் காயவிட்டோம்.

புதிய பில்டர் முதல் நாளே வாங்கி வைத்திருந்தோம். பில்டரைப் பொறுத்தவரை ஒரே அளவு டொயோட்டாவின் பல மொடல்களுக்குப் பொருந்தும், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. காரின் செசி இலக்கத்தைச் சொல்லிக் கேட்பது நல்லது, இல்லாவிட்டால் பழையதை எடுத்துப் பையில் கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு விரல் அளவு சின்னதாக இருந்தாலும் காற்று அந்த இடைவெளியால் போய்விடும், பில்டர் போட்டும் போடாத மாதிரிதான். நாங்கள் சாதாரண வெள்ளைத் தாள்தான் வாங்கினோம், 2,400 ரூபா. கரித்தூள் சேர்த்த சாம்பல் நிறப் பில்டரும் இருக்கிறது, விலை கூட. அது மணத்தைக் குறைக்கும். வைக்கோல் புகை, லொறிப் புகை மணம் பிடிக்காதவர்கள் அதை எடுக்கலாம். தூசுக்கு என்றால் சாதாரணமானதே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். விலை கூடியதை வாங்கி மூன்று வருஷம் போடுவதைவிட, மலிவானதை வாங்கி வருஷா வருஷம் மாற்றுவது மேல்.

போடும்போது ஓரத்தில் அம்புக்குறி பார்க்க வேண்டும். இதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். சில பில்டரில் ஆங்கிலத்தில் 'அப்' என்று எழுதி அம்பு இருக்கும், அந்த அம்பு வானத்தைப் பார்க்க வேண்டும். சில பில்டரில் 'எயார் ஃப்ளோ' என்று எழுதி அம்பு இருக்கும், அது காற்றுப் போகிற திசை. எங்கள் காரில் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது, ஆகவே அந்த அம்பு நிலத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டும் சரி. அம்பு என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போடாமல், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுப் போடுங்கள். மற்றக் கார்களில் பில்டர் நிமிர்ந்து நிற்கிற மாதிரியும் இருக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்று எடுக்கும்போதே போனில் ஒரு படம் பிடித்து வைத்தால் சோலி முடிந்தது.

மூடி, குளோவ் பொக்ஸ், பக்கத்துக் கை. எல்லாம் கழற்றிய ஒழுங்கின் மறுபக்கம். துடைத்துக் காயவிட்ட நேரத்தை விட்டால் வேலை பத்து நிமிஷம். ஸ்டார்ட் பண்ணி விசிறியை இரண்டில் வைத்தோம். முன்பு நாலில் வராத காற்று. முதல் ஐந்து நிமிஷம் கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கி, ஏசி போடாமல் விசிறியை மட்டும் ஓடவிட்டோம், குழாயில் தங்கியிருந்த தூசு போகட்டும் என்று.

கூலிங் கொயில், கேஸ் எதையும் தொடவில்லை. அந்தப் பணம் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கும் சப்பாத்துக்கும் போனது.

உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பில்டர் மாற்றி முட்டு சுகமாகிவிட்டது என்று யாரும் இதை வேறு இடங்களில் எழுதிவிடாதீர்கள். முட்டு இருக்கிறது, பம்பும் இருக்கிறது, கிளினிக்கும் போகிறோம். தூசு அவவுக்கு முட்டைக் கிளப்புகிற காரணங்களில் ஒன்று என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார், அந்த ஒன்றைக் காருக்குள் இருந்து எடுத்தோம், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு கல்முனை போய் வருகிற இரவுகளில் படுத்துத் தூங்குகிறா. போன துல்ஹஜ்ஜில் கண்டிக்கு, சாச்சி வீட்டுக்குக் கூட்டிப் போனோம். மஹியங்கனை ஏற்றத்தில் மழை பெய்து முன் கண்ணாடி புகார் பிடித்தபோது, ஒரு நிமிஷத்தில் தெளிந்தது. அடைத்த பில்டரோடு அதே வளைவுகளில் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓட்டியவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

எப்போது மாற்றுவது? பொதுவாக 10,000 முதல் 15,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, அல்லது வருஷம் ஒரு தடவை என்பார்கள். கார்க் கொம்பனிகளின் புத்தகத்திலேயே தூசு கூடிய இடங்களில் இன்னும் நேரத்தோடு மாற்றச் சொல்லியிருக்கும். நமது ஊர் அந்தக் கணக்கில்தான் வரும். நாங்கள் சிறுபோக வெட்டு முடிந்து முதல் மழை விழுந்ததும் புதிதாகப் போடுகிறோம். பெரும்போக வெட்டு முடிந்ததும் ஒரு தடவை வெளியே எடுத்து, சருகைத் தட்டிப் பார்த்துவிட்டு வைக்கிறோம். கிலோமீற்றர் கணக்கைவிட வெட்டுக் கணக்கு எங்களுக்கு மறக்காது.

"கழுவிப் போடலாம்தானே" என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்தத் தாளின் நூல்களில் பலவற்றுக்கு நிலைமின் ஏற்றம் இருக்கும். சீப்பால் தலை வாரிவிட்டுத் துண்டுக் கடதாசியை இழுப்போமே, அந்த வேலை. மிகச் சிறிய தூசை அது பிடிப்பது அதனால்தான். கழுவினால் அது போகும், தாளும் உருக்குலையும், ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். பெற்றோல் செட்டில் டயருக்குக் காற்று அடிக்கிற குழாயால் ஊதுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய குப்பை போகும், சிறிய தூசு தாளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், சில இடத்தில் தாள் கிழியும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது வேறு. 2022 இல் ஒன்றும் கிடைக்காத நாட்களில் ஊதிப் போட்டவர்களை யாரும் குறை சொல்லப் போவதில்லை. இப்போது கடையில் இருக்கிறது.

இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள், இடையில் கேட்டவர்களுக்காக.

நெல் லொறிக்குப் பின்னால், புகைக்குள்ளால் போகும்போது உள் காற்றைச் சுற்றவிடும் பொத்தானை அமுக்குங்கள். தாண்டியதும் எடுத்துவிடுங்கள். ஐந்து பேர் ஏறி, எல்லாவற்றையும் மூடி, அந்தப் பொத்தானை அமுக்கியபடியே கொழும்பு வரை போனால் உள்ளே காபனீரொட்சைட்டு கூடும். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வருவது இரவுச் சோற்றால் மட்டும் அல்ல.

எந்தப் பில்டரும் காபனோரொட்சைட்டைத் தடுக்காது, கரித்தூள் போட்டதும் தடுக்காது. அதற்கு மணமும் இல்லை. எஞ்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை மூடி, காருக்குள் தூங்குவது கூடவே கூடாது. சந்தையில் வீட்டுக்காரர் வரும்வரை பிள்ளைகளை அப்படித் தூங்கவிட்டு இருக்கிறவர்களைக் கண்டிருக்கிறோம்.

ஆக்வா வைத்திருப்பவர்கள் பின் சீட்டின் அடிப் பக்கம் ஒரு காற்று வாய் இருப்பதைப் பாருங்கள். அது ஹைபிரிட் பற்றரி குளிர்வதற்குக் காற்று எடுக்கும் வாய். அதை சீட் கவராலும் மார்க்கெட் பையாலும் மூடிவிட்டு, பற்றரி சூடாகிறது என்று ஓடித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் தூசு அடையும். பற்றரியின் விலையோடு பார்த்தால் கெபின் பில்டரின் விலை தேநீர்க் காசு.

பழைய, மலிவான கார்கள் சிலவற்றில் கெபின் பில்டரே இருக்காது. மூடியைத் திறந்தால் வெறும் இடம் இருக்கும், அல்லது மூடியே இருக்காது. வெறும் இடம் இருந்தால் அளவு பார்த்து வாங்கிப் போடலாம்.

டீச்சர்மார் பலர் இப்போது சொந்தமாக ஓட்டுகிறீர்கள். கராஜுக்குத் தனியே போகச் சங்கடப்பட்டு, தம்பியோ நானாவோ லீவில் வரும்வரை வேலையைத் தள்ளிப்போடுகிறீர்கள். இந்த வேலைக்கு யாரும் வரத் தேவையில்லை. காருக்கு அடியில் படுக்கத் தேவையில்லை, கையில் ஒயில் படாது. எங்கள் வீட்டில் இரண்டாம் தடவை மாற்றியது யார் என்று கேட்டால், ஆண் கை அல்ல.

பழைய பில்டரை உடனே வீசவில்லை. எலிப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் ஒரு துண்டை மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில் இட்டு ஒன்பதாம் தரத்துக்குக் கொண்டு போனோம். பக்கத்தில் புதிய பில்டரின் மட்டைப் பெட்டி. பிள்ளைகள் கைவில்லையால் பார்த்தார்கள். உமியின் மேல் தோலில் கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்கா நிறைய இருக்கிறது, உமிச் சாம்பலில் பெரும்பகுதி அதுதான், வெள்ளாமைத் தூசு பட்டால் உடம்பு அரிப்பதற்கு அந்தக் கூர் முனைகளும் ஒரு காரணம் என்றெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தோம். பத்து மைக்ரோமீற்றரிலும் சிறிய தூசு மூக்கில் நிற்காமல் மார்புக்குள் இறங்கும் என்று கரும்பலகையில் எழுதினோம்.

பின் வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பினான். அவனுடைய வாப்பா மில்லில் மூட்டை தூக்குகிறவர்.

"சேர், காருக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு இது இருக்கு. எங்கட வாப்பா மில்லுக்குள்ள நிக்காரு. அவருக்கு இது எங்க வாங்குற?"

வகுப்பு சிரிக்கவில்லை. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது மில்லிலோ, வெட்டு மெசினிலோ, நெல் காயப் போடுகிற இடத்திலோ நிற்கிறார்கள். தூசுக்கென்றே செய்த, மூக்கிலும் கன்னத்திலும் இறுக்கமாக ஒட்டி இருக்கிற மாஸ்க் இருக்கிறது, ஹார்ட்வெயார் கடையிலும் பார்மஸியிலும் கேட்டால் எடுத்துத் தருவார்கள், தோளில் கிடக்கிற துவாயை மூக்கில் கட்டுவது அதற்கு ஈடாகாது என்று சொன்னோம். அவன் எழுதிக்கொண்டான். விலையைக் கேட்டான். விலையைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினான்.

மில் வைத்திருக்கிற நம்மூர்க்காரர்கள் பலர் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். அனேகமாக எல்லோரும் கார் வைத்திருப்பவர்கள். இந்த வெட்டுக்கு உங்கள் காருக்குப் பில்டர் வாங்கும்போது, மூட்டை தூக்குகிறவர்களுக்கும் உமிப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் ஒரு பெட்டி மாஸ்க் சேர்த்து எடுங்கள். ஒரு பெட்டியோடு முடியாது, அது அழுக்காகும், மூச்சு விடக் கஷ்டமானால் மாற்ற வேண்டும். பெரும்போகத்துக்கும் எடுங்கள். அந்தப் பிள்ளையின் வாப்பா எந்த மில் என்று யாரும் விசாரிக்க வேண்டாம், எந்த மில்லாக இருந்தாலும் தூசு ஒன்றுதான். இரண்டு பேரிடம் நேரில் பேசியிருக்கிறோம். ஒருவர் உடனே பணத்தைத் தந்து "நீங்களே வாங்கித் தாங்க சேர்" என்றார். மற்றவர் "பாப்பம்" என்றார். அவரை இன்னொரு தடவை சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.

பில்டர் மாற்றத் தயக்கம் உள்ளவர்கள் வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு முற்றத்துக்கு வாருங்கள். உங்கள் காருக்குரிய பில்டரை வாங்கிக்கொண்டு வாருங்கள், வாங்கும் முன் அளவு தெரியாவிட்டால் போனில் கேளுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு கார் நிறுத்தலாம். நாங்கள் செய்து தர மாட்டோம், பக்கத்தில் நின்று காட்டித் தருவோம், அமுக்குவது உங்கள் கை. தேநீர் உம்மாவின் பொறுப்பு என்று அவவே சொல்லியிருக்கிறா. முகத்துக்கு மாஸ்க்கைக் கொண்டு வாருங்கள். உங்கள் காரிலும் எலி இருக்கலாம்.